திருமங்கலம் தாண்டிவிட்டார்

புது டெல்லி
8 ஜூலை 2025

அன்புள்ள மாப்ள தனிஸ்லாஸ்,

சிவராம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுக் கிழி. மூன்று வருஷமாக நீ என் போனை எடுக்கவில்லை, அதனால்தான் காகிதம். சொந்தக் கையால் கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. எல்லாம் சாய்ராம் டைப் அடித்து நீட்டுவான், நான் கையெழுத்துப் போடுவேன்.

போன தேர்தலில் எனக்கு சீட் இல்லை என்று சொல்லிவிட்டது பேப்பரில் வந்ததே, பார்த்திருப்பாய். ஆறு தடவை ஜெயித்த தொகுதி. இணை அமைச்சராக இருந்தவன் என்றுகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பதில் நின்ற தம்பி வந்து, "நீங்கதான் வழிகாட்டணும்ணே" என்று காலில் விழுந்தான். அதற்கப்புறம் வழி கேட்டு அவன் வரவே இல்லை. அரசாங்க பங்களாவைக் காலி செய்துவிட்டு, கரோல் பாக் பக்கம் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரி மைத்ரேயி மகனோடு அமெரிக்காவில். கூட இருப்பது சாய்ராம் மட்டும். முன்பு பி.ஏ., இப்போது ரசம் வைப்பதும் அவன்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் மதுரையில் கட்சி எனக்குப் பாராட்டு விழா எடுக்கிறது. உனக்குத் தெரியாததா? மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தமுக்கத்தில் கூட்டம். எனக்கு முன்னால் நீ பேச வேண்டும் மாப்ள. நான் வந்து சேரும்வரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைத்தவன் நீ. முதல் கூட்டத்திலிருந்து நீதான். கடைசிக் கூட்டத்தில் வேறு எவனோ ஏறி நின்றால் எனக்கு நன்றாக இருக்காது.

மேரி விஷயத்தில் உனக்கு வருத்தம் உண்டென்று தெரியும். நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன்
சிவராம்


பரவை
19 ஜூலை 2025

மாண்புமிகு முன்னாள் மத்திய இணை அமைச்சர் சிவராம் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன். "மேரி விஷயம்" என்று எழுதியிருக்கிறாய். பட்டா விஷயம், ரேஷன் கார்டு விஷயம் மாதிரி. செத்துப்போனது என் பெண்டாட்டி. உனக்கு முதல் தேர்தலில் சோறு போட்ட சகாயமேரி. நான் உன் பின்னால் வருவதற்காக மிஷன் ஸ்கூல் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தபோது, தன் வாத்தியார் சம்பளத்தில் குடும்பத்தை இழுத்தவள். அவள் "விஷயம்" ஆகிவிட்டாள்.

நீ வராதது உனக்குத் தெரியும். நீ வராததால் இங்கே என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டுக்கொள்.

அன்று காலையில் சாய்ராம் போன் செய்தான். "அண்ணே, சார் கிளம்பிட்டாங்க. வந்துகிட்டே இருக்காங்க. அவங்க வாரதுக்குள்ள எடுத்துராதீங்க" என்றான். பூசை முடிந்து பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. குழி வெட்டித் தயாராக இருக்கிறது. ஃபாதர் என்னைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்க ஃபாதர், தலைவர் வாராரு" என்றேன். ஆகஸ்ட் வெயில். ஜனம் எம்புட்டு நேரம் நிற்கும்? ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள். கூட்டம் கலைவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது, உனக்குத் தெரியுமே. நீ வருகிறாய் என்று நம்ம வட்டச் செயலாளர் உக்கிரபாண்டி அங்கேயும் மைக் கட்டி வைத்திருந்தான். அதை என் கையில் கொடுத்தான். நானும் வாங்கிக்கொண்டேன்.

பேசினேன் சிவராம். உன் முதல் தேர்தலைப் பேசினேன். நாடாளுமன்றத்தில் உன் கன்னிப்பேச்சைப் பேசினேன். நீ கொண்டுவந்த ரயிலைப் பேசினேன். போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். என் திறமை அது. "இதோ, நம் தலைவர் திருமங்கலம் தாண்டிவிட்டார்" என்றும் சொன்னேன். நீ தேனியிலிருந்து வந்தாலும் திண்டுக்கல்லிலிருந்து வந்தாலும் கூட்டத்துக்கு நான் சொல்வது அதுதானே. பக்கத்தில் பெட்டிக்குள் மேரி கிடக்கிறாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பெற்ற மகள் எஸ்தர் வந்து மைக்கைப் பிடுங்கினாள். சின்னப் பிள்ளையில் மேடைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டே அந்த வரியைக் கேட்டு வளர்ந்தவள். "ஃபிளைட்டுல வாரவரு எப்படிப்பா திருமங்கலம் தாண்டுவாரு?" என்று கேட்டாள். அம்புட்டு பேருக்கு நடுவில், அழாமல் கேட்டாள். அப்புறம் அவளே ஃபாதரிடம் சொல்லி அடக்கத்தை முடித்தாள். அதோடு இந்த வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

மேடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

தனிஸ்லாஸ்


புது டெல்லி
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தனிஸ்,

உன் கடிதத்தை இரண்டு நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ மைக் பிடித்துப் பேசினாய் என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உக்கிரபாண்டி அப்புறம் எத்தனையோ தடவை வந்து போனான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் பக்கத்தையும் கேள். அடக்கத்துக்கு முந்தின நாள் எனக்கு மேலிடத்திலிருந்து போன். மந்திரிசபையை மாற்றுகிறார்கள், உன் பெயர் இருக்கிறது, கேபினட், டெல்லியை விட்டு நகராதே என்றார்கள். இணை அமைச்சர் என்ற பெயரோடு எத்தனை வருஷம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் அறை வாசலில் நின்றேன் என்று நீ அறிவாய். இஸ்திரி போட்ட வேட்டி சட்டையோடு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கூப்பிடவே இல்லை. சாயங்காலம் டிவியில் வேறு பெயர்களை வாசித்தார்கள். மேரியை விட்டுவிட்டு எதற்காக உட்கார்ந்திருந்தேனோ அதுவும் இல்லை.

சாய்ராமிடம் நான் வர முடியாதென்று சொல்லிவிடு என்றுதான் சொன்னேன். நேற்று அவனைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டேன், ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று. கோபித்துக்கொள்ளாதே, அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தனிஸ்லாஸ் அண்ணன்தான் சார் எனக்குத் தொழிலே சொல்லிக்குடுத்தாரு. தலைவர் வரலைங்கிற வார்த்தை உன் வாயில வரவே கூடாது, வந்துகிட்டே இருக்காருன்னு சொல்லு, அது போதும்னாரு. அண்ணன்கிட்டயும் அதையே சொல்லிட்டேன்."

உன் பாடத்தை உன்னிடமே ஒப்பித்திருக்கிறான். உன்மேல் பழி போடவில்லை தனிஸ். நாம் எல்லோரும் சேர்ந்து கட்டிய வண்டி அது. அது மேரிமேல் ஏறிவிட்டது.

எஸ்தருக்கு நான் போன் செய்யட்டுமா?

சிவராம்


பரவை
20 ஆகஸ்ட் 2025

சிவராம்,

சாய்ராமிடம் "வர முடியாது" என்று சொன்னாயா, இல்லை "பார்த்துச் சொல்லு" என்றாயா? எனக்கு உன் வாய் தெரியும். கல்யாணத்துக்குத் தேதி கேட்டு வருகிறவனுக்கும், பிள்ளைக்குப் பேர் வைக்கச் சொல்லித் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கும், எல்லோருக்கும் அதே மூன்று வார்த்தைதான். "பார்த்துச் சொல்றேன் தம்பி." முடியாது என்று நீ ஒரு ஆளிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் சாய்ராம் சொன்னது என்னை அடித்துப் போட்டுவிட்டது. நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஆரப்பாளையத்தில் நம் ஆபீஸ் மாடியில் அவனை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். போகட்டும்.

எஸ்தருக்குப் போன் செய்யாதே. அவள் போனில் சமாதானம் ஆகிற பெண் இல்லை. திருநகரில் புருஷன் ஜூடுவோடு இருக்கிறாள், அங்கேயே ஒரு ஸ்கூலில் டீச்சர். இங்கிருந்து ரெண்டு பஸ். அது எனக்கு அமெரிக்காவை விடத் தூரமாகிவிட்டது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டியிருந்தது அம்மாவின் புடவை. நான் கூப்பிட்டிருக்கலாம். எத்தனை ஆயிரம் பேரைக் கூப்பிட்ட குரல், அன்றைக்கு வரவில்லை.

மாப்பிள்ளை ஜூடு நல்லவன். அவன் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். அவள் சொல்லி அனுப்பிய பதில் இது: "அம்மாவைக் காக்க வெச்சாருல்ல, அந்த மாமாவைக் கூட்டிக்கிட்டு அம்மாகிட்ட வரட்டும். அங்க வெச்சுப் பேசுறேன். அதுக்கு முன்னாடி பேச ஒண்ணுமில்ல."

ஆக, இது உன் கையில் இருக்கிறது. எனக்குப் பதவி வாங்கித் தா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வாரியத் தலைவர் பதவி தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றேன். இப்போது கேட்கிறேன். நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாள். எங்கள் ஆட்கள் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அன்றைக்கு வந்து மேரி முன்னால் நில். எஸ்தர் என்ன கேட்டாலும் பதில் சொல். என் பெண்ணை எனக்குத் திருப்பிக் கொடு.

உன் இந்தியை மெச்சி டெல்லிப் பத்திரிகைக்காரன் எழுதியிருந்தானே, தமிழ்நாட்டுக்காரர் இத்தனை அழகாகப் பேசுகிறாரே என்று. தானாகவே கற்றுக்கொண்டேன் என்று பேட்டி கொடுத்தாய். மேரி அந்தப் பேப்பரைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள். அது என் வீட்டு அடுப்படியில் கற்ற இந்தி. ஊருக்குத் தெரிந்தால் ஓட்டுப் போய்விடும் என்று கொல்லை வழியாக வருவாய். அரிசி களைந்துகொண்டே சொல்லித்தருவாள். கொல்லை வாசலில் நின்று "மே ஆ கயா" என்று, நான் வந்துவிட்டேன் என்று, இந்தியில் சொன்னால்தான் உள்ளே விடுவாள். "வாங்கண்ணே" என்பாள். ஞாபகம் இருக்கிறதா?

தனிஸ்லாஸ்


புது டெல்லி
16 செப்டம்பர் 2025

அன்புள்ள தனிஸ்,

"பார்த்துச் சொல்லு" என்றுதான் சொன்னேன். நீ சரி.

பாராட்டு விழா முடிந்தது. பொதுச்செயலாளர் வருகிறார், அவரோடு சேர்ந்து மேடை ஏறுங்கள் என்று என்னை ஓட்டலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அவர் வரவில்லை. நான் போய்ச் சேரும்போது பாதி நாற்காலி காலி. எனக்கு முன்னால் சுருளி என்று ஒரு பையன் பேசிக்கொண்டிருந்தான். நல்ல குரல்தான், ஆனால் ஜனத்தைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துப் படிக்கிறான். பிரியாணிப் பொட்டலம் கொடுத்ததும் கிளம்பிவிட்டார்கள். வாளைக் கொடுத்தார்கள், கிரீடம் வைத்தார்கள். கிரீடம் பெரிதாக இருந்ததால் காதில் வந்து நின்றது. முன் வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேடையிலிருந்து உன் முகத்தைத் தேடினேன். வரமாட்டாய் என்று தெரிந்தும் தேடினேன்.

மறுநாள் காலையில் பரவைக்கு விடு என்று டிரைவரிடம் சொன்னேன். பாதி வழி, பாத்திமா காலேஜ் வரைக்கும் வந்துவிட்டேன். அப்புறம் திருப்பச் சொல்லிவிட்டேன். வந்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. மேடையில் ஏறினால் தானாக வார்த்தை வருகிறது, ஒரு வீட்டு வாசலில் நின்று பேச எனக்கு வரவில்லை.

நவம்பர் ரெண்டு வருகிறேன். பார்க்கிறேன் என்று எழுதவில்லை. வருகிறேன்.

மே ஆ கயா மறக்கவில்லை. எப்படி மறக்கும்?

சிவராம்


பரவை
5 அக்டோபர் 2025

சிவராம்,

ஒன்று சொல்லட்டுமா, நான் வந்திருந்தேன். கடைசியில் கரும்புச்சாறு வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். துண்டைத் தலையில் போட்டிருந்தேன், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஜனம் எழுந்து போவதைப் பார்த்தபோது கால் தானாக மேடைப் பக்கம் நடந்தது. மைக் கையில் இருந்தால் போதும், நீ வரும்வரை ஒரு ஆளை நகர விட்டிருக்க மாட்டேன். மேரி நினைப்பு வந்தது. திரும்பி வந்து பஸ் ஏறிவிட்டேன். கிரீடத்தைப் பார்க்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

எஸ்தரிடம் சொல்லிவிட்டேன், ஜூடு மூலமாக இல்லை, நேராக. ஸ்கூல் விடுகிற நேரம் கேட்டில் போய் நின்றேன். "மாமா வாரேன்னு எழுதியிருக்காரும்மா" என்றேன். "எழுதுனாரா, இல்ல சாய்ராம் அண்ணன் சொன்னாரா?" என்று கேட்டாள். கையெழுத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "சரி, அன்னிக்கு வாரேன்" என்றாள். அம்புட்டுதான். வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் சொல்வதற்கென்ன.

சாயங்காலம் ஐந்தரை. ஃபாதர் ஆறு மணிக்கு மந்திரிக்க வந்துவிடுவார். கட்சிக்காரன் வேண்டாம், ஃபிளெக்ஸ் வேண்டாம், மலர் வளையம் வேண்டாம். ஒரு முழம் மல்லிகைப்பூ போதும். உக்கிரபாண்டியிடம் மூச்சு விடாதே, அவன் மைக் கட்டிவிடுவான்.

தனிஸ்


புது டெல்லி
23 அக்டோபர் 2025

அன்புள்ள தனிஸ்,

இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று தலைமையிலிருந்து போன். வடகிழக்கில் ஒரு மாநிலத்துக்கு ஆளுநர் போடப் போகிறார்கள். என் பெயர் அடிபடுகிறது. கட்சித் தலைவர் நேரில் பார்த்துப் பேச நேரம் கொடுத்திருக்கிறார். ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த நேரம். நவம்பர் ரெண்டு, சாயங்காலம் நாலு மணி.

வேறு நாள் கேட்கலாமா என்று நினைத்தேன். அங்கே அப்படிக் கேட்க முடியாது. கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது.

பதவி ஆசை என்று நினைப்பாய். ஆசைதான். ஆனால் இந்த ஃபிளாட்டில் காலையில் எழுந்தால் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை தனிஸ். பேப்பர் வருகிறது, என் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறேன், மடிக்கிறேன். ராஜ்பவன் என்றால் கொடியாவது ஏறும், இறங்கும்.

மூன்றாம் தேதி காலையில் வந்தால் ஆகாதா? எஸ்தரிடம் நீ பக்குவமாகச் சொன்னால் கேட்பாளே.

சிவராம்


பரவை
28 அக்டோபர் 2025

முன்னாள் அமைச்சர் அவர்களுக்கு,

கல்லறைத் திருநாளைத் தள்ளிவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. வேண்டுமானால் போப்பாண்டவரிடம் நேரம் கேட்டுப் பார்.

பக்குவமாகச் சொல்லச் சொல்கிறாய். என் ஆயுள் முழுக்க உனக்காகப் பக்குவமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தனிஸ்லாஸ்


பரவை
3 நவம்பர் 2025

சிவராம்,

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். இதற்குப் பிறகு எழுதுவதாக இல்லை.

எஸ்தரும் ஜூடுவும் மத்தியானமே வந்துவிட்டார்கள். நேராகக் கல்லறைக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அவளே மண்ணைக் கூட்டி, கல்லைக் கழுவி, செவ்வந்திப் பூவை வரிசையாக வைத்தாள். என்னோடு பேசவில்லை. "அந்த வாளியைக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அதுவே பெரிது.

நாலரைக்கு சாய்ராம் போன். "அண்ணே, சார் கிளம்பிட்டாங்க. சென்னையில ஃபிளைட் லேட்டாம். வந்துகிட்டே இருக்காங்க. கொஞ்சம் பார்த்துக்கங்கண்ணே." நான் போனை வைத்துவிட்டேன். எனக்கே என் குரலைக் கேட்ட மாதிரி இருந்தது.

எப்படியோ உக்கிரபாண்டிக்கு வாடை போய்விட்டது. பத்துப் பதினைந்து பேரோடு வந்து கேட்டில் நிற்கிறான். "அண்ணே, தலைவர் வாராராமே, எங்க வந்துக்கிட்டிருக்காரு?" என்று கேட்டான். அம்புட்டு பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். ஐந்தரை ஆயிற்று. ஆறும் ஆயிற்று. ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்து மேரியிடம் நின்றார். போன தடவை நின்ற அதே ஃபாதர். "என்ன தனிஸ், பொறுப்போமா?" என்று கேட்டார்.

எஸ்தர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என் வாய்க்குள் திருமங்கலம் வந்து நின்றது சிவராம். பொய் சொல்லவில்லை, நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வேண்டாம் ஃபாதர். அவர் வரமாட்டார்" என்றேன்.

உக்கிரபாண்டி, "என்னண்ணே இப்படிச் சொல்றீங்க" என்றான். "வரமாட்டாரு பாண்டி. யாரும் காத்துக்கிட்டு நிக்க வேணாம். வீட்டுக்குப் போங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஒரு கூட்டத்தைப் போகச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. போய்விட்டார்கள்.

எஸ்தர் தீப்பெட்டியை என் கையில் கொடுத்தாள். "நீங்க ஏத்துங்கப்பா" என்றாள். மூன்று வருஷம் கழித்து அப்பா.

ஃபாதர் போனதும் நான் மேரியைப் பற்றிப் பேசினேன். கேட்டது எஸ்தரும் ஜூடுவும்தான். உரக்கப் பேசத் தெரிந்த எனக்கு மெதுவாகப் பேசத் தெரியவில்லை. முதல் சம்பளத்தில் அவள் ரேடியோ வாங்கியது. இந்தி பரீட்சை எழுத என்னிடம் சொல்லாமல் திருச்சிக்குப் போய்வந்தது. ஒரு வருங்கால மந்திரியைக் கொல்லையில் நிறுத்தி மே ஆ கயா சொல்ல வைத்தது. எஸ்தருக்கு அது தெரியவே தெரியாது. "அம்மாவா? அவருக்கு இந்தி சொல்லிக்குடுத்தது அம்மாவா?" என்று கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தாள். கல்லறையில் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியைப் பார்த்து, "மனுசன் இருக்குற இடமா இது" என்று திட்டிக்கொண்டே பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுத் துலக்கினாள். தோசை சுட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

நீ வந்திருந்தால் இது நடந்திருக்குமா தெரியாது. வராமல் இருந்து எனக்கொரு உதவி செய்தாய். ராஜ்பவனில் நன்றாக இரு.

தனிஸ்லாஸ்


புது டெல்லி
4 நவம்பர் 2025

அன்புள்ள தனிஸ்,

நான் வந்தேன்.

நீ நம்பமாட்டாய். சாய்ராம் உனக்குப் போன் செய்தபோது நான் நிஜமாகவே சென்னை விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் மாலையே தலைமைக்குச் சொல்லிவிட்டேன், என்னால் வர முடியாது என்று. அந்த மூன்று வார்த்தையைச் சொல்ல இந்த வயது ஆகியிருக்கிறது. "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இன்று காலையில் டிவியில் சொல்லிவிட்டார்கள், வேறொருவர் போகிறார்.

விமானம் தாமதம். மதுரையில் இறங்கி டாக்ஸி பிடித்துப் பரவை வந்து சேரும்போது எட்டு மணி. கேட் திறந்துதான் இருந்தது. அங்கங்கே ஒன்றிரண்டு குடும்பம் கிளம்பிக்கொண்டிருந்தது. மேரியின் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லையே. கழுவி, செவ்வந்திப் பூ வைத்து, அத்தனை அழகாக இருந்தது. பக்கத்தில் யாருமில்லை.

ஒரு கணம் எனக்கு உன்மேல் கோபம் வந்தது தனிஸ். மறைக்கவில்லை. யார் யாரையோ எத்தனை மணி நேரம் பேசிப் பிடித்து வைத்தாய், இன்றைக்கு எனக்காகக் கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்த மறுகணம் வெட்கமாகப் போயிற்று. எங்கே நின்றுகொண்டு இதை நினைக்கிறேன் என்று பார்த்தேன்.

காற்றில் சில மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. டாக்ஸிக்காரரிடம் தீப்பெட்டி வாங்கி ஏற்றினேன். ஒரு முழம் மல்லிகையை வைத்தேன். பிறகு நின்று, "மே ஆ கயா" என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

யாரும் வாங்கண்ணே என்று சொல்லவில்லை.

உன் தெருவுக்கும் வந்தேன். வாசலில் விளக்கு எரிந்தது. உள்ளே எஸ்தர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், பாத்திரம் உருளுகிற சத்தம், நடுவில் உன் சிரிப்பு. உன் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. கதவைத் தட்டக் கை எடுத்தேன். நான் உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுபோகும் என்று தோன்றியது. எங்கே போனாலும் நான் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிடுகிறார்கள், அதுதான் என் வாழ்க்கை. தட்டாமல் போய்விட்டேன்.

உன் பெண்ணைத் திருப்பிக் கொடு என்று கேட்டாய். நான் வருவதற்குள் நீயே வாங்கிக்கொண்டுவிட்டாய். சந்தோஷம் மாப்ள.

சிவராம்


பரவை
13 நவம்பர் 2025

மாப்ள,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் எழுதியதைப் படித்திருப்பாய். எழுதியதைத் திருப்பி வாங்க முடியாது. வாங்க முடிந்தால் கடைசி ரெண்டு வரியை மட்டும் வாங்கிக்கொள்வேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆயுள் முழுக்க வருகிறார் வருகிறார் என்று சொன்னது பொய். ஒரே ஒரு தடவை வரமாட்டார் என்று அடித்துச் சொன்னேன், அதுவும் பொய்யாகப் போயிற்று. அந்த வார்த்தையை நம்பித்தான் எஸ்தர் வீட்டுக்கு வந்தாள். இதைக் காட்டினால் மறுபடி போய்விடுவாளோ என்று ஒரு நாள் முழுக்க கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அப்புறம், மறைப்பதற்கு இனிமேல் என்ன இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை அவள் வந்ததும் கையில் கொடுத்துவிட்டேன்.

அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். "அப்ப சாய்ராம் அண்ணன் சொன்னது நெசமாப்பா?" என்றாள். "நெசம்தாம்மா" என்றேன். "மறுநாள் காலையில ஊருக்குத் திரும்புறப்ப நான் பார்த்தேன். முந்தின நாள் நாம கிளம்புறப்ப அணைஞ்ச மெழுகுவர்த்தியெல்லாம் அடி வரைக்கும் எரிஞ்சிருந்துச்சு. மல்லிகைப்பூ யாரு வெச்சதுன்னு நெனச்சேன்" என்றாள். கொல்லைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மாமாவை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "முதல்ல அம்மாகிட்டதான். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு வரச் சொல்லுங்க. அம்மாவைப் பார்த்துட்டு, கொல்லை வழியா வந்து அந்த இந்தியைச் சொல்லட்டும். நான் வாங்க மாமான்னு சொல்றேன். ஆனா ஒண்ணு, அஞ்சரைக்கு வரணும். காத்துக்கிட்டு நிக்க மாட்டோம்னு எழுதுங்க."

இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. நம் ரெண்டு பேர் வயசுக்கு அது ரொம்பத் தூரம். ராத்திரி மாத்திரையைத் தவறாமல் போடு, சாய்ராமிடம் ரசத்தில் உப்பைக் குறைக்கச் சொல். முந்தின நாளே கிளம்பி ஆரப்பாளையத்தில் ஏதாவது லாட்ஜில் தங்கிக்கொள், விமானத்தை நம்பாதே.

நேரத்துக்கு வா மாப்ள. நாங்கள் காத்திருக்க மாட்டோம்.

தனிஸ்